கருவி பொய்யுரையாது என்னும் பொய்

வானிலை அவதானத்தில் மனிதக் கண்ணுக்கு இனி இடமில்லை என்னும் கருத்து இன்று படித்தோர் மத்தியிலும் வேரூன்றி வருகின்றது. அவதானி சோர்வடைவார், இரவிற் கண்ணயர்வார், தூறலை மழையென்பார், மழையைத் தூறலென்பார், ஒருவர் மூன்று கிலோமீற்றர் என்று குறிக்கும் கட்புலத் தூரத்தை மற்றொருவர் ஐந்து என்று குறிப்பார். இலேசர்க் கதிரோ சோர்வறியாது, பக்கச்சார்பறியாது, கண்டதைக் கண்டவாறே உரைக்கும். ஆகவே அவதானியை அகற்றி அவ்விடத்திற் கருவியை நிறுத்துவது அபிப்பிராயத்தை அகற்றி உண்மையை நிறுத்துவதாகும். இவ்வாறு செல்கின்றது அவ்வாதம். இதன் முற்பகுதியில் உண்மை உண்டு. பிற்பகுதி அறிவியலின் பெயராற் கூறப்படும் ஒரு மூடநம்பிக்கையே.

மூடநம்பிக்கை என்ற சொல் சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். எனினும், ஒரு பொருள் எவ்வாறு இயங்குகின்றது என்று வினவாமலே அதன் வாக்கை ஏற்றுக்கொள்வதற்கு வேறு பெயர் யாது? வாக்குரைப்பது பூசாரியாயினும் உலோகப் பெட்டியாயினும் கேட்போரின் மனநிலை ஒன்றே. பெட்டியிலிருந்து வரும் எண்ணை 'அளவீடு' என்று எழுதுவோர் பலர். அவ்வெண்ணில் அளக்கப்பட்டது எவ்வளவு, அனுமானிக்கப்பட்டது எவ்வளவு என்று கேட்போர் மிகச் சிலர். அந்த வினாவை எழுப்பாது விட்டால் நிகழக்கூடிய நட்டம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று என்பது பின்னர்க் காட்டப்படும்.

முதற்கண் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'இலேசர் உணரி' என்று பொதுவாக வழங்கப்படுபவை யாவும் இலேசரைப் பயன்படுத்துவன அல்ல. முகிலடியின் உயரத்தை அளக்கும் கருவி இலேசர்த் துடிப்புகளை மேல்நோக்கிச் செலுத்துகின்றது. மழைத்துளிகளை எண்ணும் துளிமானி இலேசர் ஒளித்தகடொன்றைக் கிடையாக விரிக்கின்றது. இவை மெய்யாகவே இலேசர்க் கருவிகள். ஆனாற் கட்புலப்பாட்டை உணரும் கருவிகளுட் பல, செந்நிறக்கீழ்க் கதிரை உமிழும் சாதாரண ஒளிகாலும் இருவாயியையே கொண்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் தன்னியக்க மேற்பரப்பு அவதானத் தொகுதியிலுள்ள கட்புலப்பாட்டு உணரி செனன் மின்வெட்டு விளக்கினால் இயங்குவது. ஒளிமூலம் எதுவாயினும் தத்துவம் மாறுவதில்லை. ஆயினும் 'இலேசர்' என்ற சொல்லுக்கு ஒரு மந்திர வலிமை உண்டு. சத்திரசிகிச்சையிலும் போர்க்கலத்திலும் அது பெற்ற புகழை மழைமானியும் இரவல் வாங்கிக்கொள்கின்றது.

இனிக் கட்புலப்பாடு. இத்தமிழ்ச் சொல்லினுள்ளேயே கண் இருக்கின்றது என்பது நோக்கற்பாலது. ஒரு பொருளைக் கண்ணாற் கண்டு இன்னதென அறியக்கூடிய மிகக்கூடிய தூரம் எவ்வளவு என்பதே இதன் ஆதிப்பொருள். ஊடகமொன்றினூடு செல்லும் ஒளி தூரத்தோடு அடுக்குக்குறி முறையிற் குறைகின்றது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே 1729 இல் வெளியிட்டார். ஜேர்மானியரான ஹரால்ட் கொஷ்மீடர் 1924 இல் அதனைக் கண்ணோடு இணைத்தார். அடிவானத்தின் முன்னே நிற்கும் கரும்பொருளொன்றுக்கும் வானத்துக்குமிடையிலான மாறுபாடு தூரத்தோடு தேய்ந்து, கண்ணால் உணரத்தக்க எல்லையை எட்டும் இடமே கட்புலத் தூரம் என்றார். அந்த எல்லை 2 வீதம் எனக் கொள்ளப்பட்டது. உலக வளிமண்டலவியல் நிறுவனம் இன்று கைக்கொள்ளும் வரைவிலக்கணமோ வேறு. 2700 கெல்வின் நிறவெப்பநிலையுடைய இழைவிளக்கொன்றின் சமாந்தரக் கற்றை, தன் தொடக்க ஒளிப்பாயத்தின் 5 வீதமாகக் குறைவதற்குச் செல்லவேண்டிய தூரமே வளிமண்டல ஒளியியல் வீச்சு எனப்படுகின்றது.

இரண்டு வீதமா ஐந்து வீதமா என்பது அற்ப விடயம் போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் அவ்வாறன்று. முதலாவது வரைவிலக்கணப்படி தூரம் 3.912 ஐ ஒளிநலிவுக் குணகத்தால் வகுத்துப் பெறப்படுவது, இரண்டாவதன்படி 2.996 ஐ வகுத்துப் பெறப்படுவது. ஒரே காற்று, ஒரே காலை, ஒரே கருவி. விடைகளிடையே ஏறத்தாழ 30 வீத வேறுபாடு. கட்புலத் தூரம் 1000 மீற்றருக்குக் குறைந்தால் அது மூடுபனி என்பது சர்வதேச வழக்கு. ஐந்து வீத வரைவிலக்கணப்படி 800 மீற்றர் என வருமிடத்தில் மூடுபனி உண்டு. அதே காற்றுக்கு இரண்டு வீத வரைவிலக்கணப்படி 1045 மீற்றர் வரும். அப்போது மூடுபனி இல்லை! இவ்விரண்டினுள் எது உண்மை என்று இலேசர் கூறாது. அது ஒரு குழுவினர் மேசையைச் சூழ்ந்திருந்து எடுத்த முடிவு. முடிவு பிழையென்பதன்று, அதனை எடுத்தவர் மனிதர் என்பதே ஈண்டு வற்புறுத்தப்படுவது.

அளவீட்டு முறைகளைச் சற்று நுணுகி நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவுறும். ஊடுசெலுத்தல்மானி என்பது நேர்மையான கருவி. ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியுணரி. இடையிலே குறித்த தூரக் காற்று. புறப்பட்ட ஒளியில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை அது நேரடியாக அளக்கின்றது. எனினும் அதற்கும் ஒரு நோய் உண்டு. அடித்தூரம் 75 மீற்றர் என்றும் உண்மையான கட்புலத் தூரம் 10 கிலோமீற்றர் என்றும் கொள்வோமாயின், வந்து சேரும் ஒளி 97.8 வீதமாக இருத்தல் வேண்டும். வில்லையின் மேற் படிந்த தூசு அவ்வொளியில் நூற்றிலொரு பங்கை மறைத்துவிட்டால், கருவி 10 கிலோமீற்றர் என்று கூறாது; 6.9 கிலோமீற்றர் என்றே கூறும். ஒரு விரல் துடைப்பில் மூன்று கிலோமீற்றர்! மெல்லிய துணியொன்றை எடுத்துக்கொண்டு வில்லையைத் துடைக்கச் செல்லும் மனிதரை நம்பியே இக்கருவியின் நம்பகம் நிற்கின்றது. அவரையும் செலவு மிச்சத்தின் பொருட்டு நிறுத்திவிடின் யாது நிகழும்?

இன்று பெருவழக்காக உள்ளது முன்முகச் சிதறல்மானி. இதில் உமிழியும் ஏற்பியும் ஒன்றையொன்று நேரே நோக்குவதில்லை. இரண்டின் பார்வைகளும் கருவியின் நடுவே ஒரு சிறு வெளியில் மட்டும் குறுக்கிடுகின்றன. அவ்வெளியிலுள்ள நீர்த்துணிக்கைகள் ஒளியை ஒரு குறித்த கோணத்திற் சிதறடிக்க, அச்சிதறல் ஒளியே அளக்கப்படுகின்றது. மேற்குறித்த அமெரிக்கத் தொகுதியில் அவ்வெளியின் கனவளவு 0.75 கனவடி, அதாவது ஏறத்தாழ 21 லீற்றர். ஒரு பெரிய குடத்தளவு காற்றைச் சோதித்து ஒரு விமானநிலையத்தின் பல கிலோமீற்றர்ப் பரப்புக்குத் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. காற்று எங்கும் ஒரே தன்மையதாயின் இது சரியே. மூடுபனியோ பள்ளத்திலே தேங்கும். நீர்நிலையின் மேலே தவழும். ஓடுபாதையின் ஒரு முனையை மூடி மறுமுனையைத் திறந்துவிடும். நுவரெலியாவின் காலைப்பொழுதைக் கண்டவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அமெரிக்கத் தொகுதி இக்குறையை உணர்ந்தே பத்து நிமிட அளவீடுகளின் இசைச் சராசரியை வெளியிடுகின்றது. கூட்டற் சராசரியை விட்டு இசைச் சராசரி எடுக்கப்படுவதற்குக் காரணம், கட்புலப்பாடு விரைந்து குறையும்போது அது முன்னதாகவே எச்சரிக்கும் என்பதாகும். விவேகமான ஏற்பாடு. ஆனால் இதுவும் ஒரு தீர்மானமே. ஆபத்தின் பக்கம் சாய்ந்து கணக்கிடுக என்று மனிதர் கருவிக்கு இட்ட கட்டளை.

இன்னொன்று: சிதறல்மானி அளப்பது சிதறலை மாத்திரமே. கட்புலனைக் குறைப்பதில் உறிஞ்சலுக்கும் பங்குண்டு. மூடுபனித் துளி ஒளியைச் சிதறடிக்கும். கரும்புகைத் துணிக்கையோ ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடும். விழுங்கப்பட்ட ஒளி ஏற்பியை அடையாது. ஆகவே மூடுபனிக்கென அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவி, புகைமண்டலத்தினிடையே நின்றுகொண்டு உள்ளதிலும் கூடிய தூரம் தெரிகின்றது என்று கூறும். சிலந்தியொன்று இரு கைகளுக்கிடையே வலைகட்டினால் அதற்கு மறுதலையாக, தெளிந்த வானத்தின் கீழும் மூடுபனி என்று கூறும். இச்சிலந்தி விவகாரம் நகைப்புக்குரிய கற்பனையன்று. இத்தகைய கருவிகளைப் பராமரிப்போர் யாவரும் அறிந்த அன்றாடத் தொல்லை.

இவ்வளவுங் கூறியதனால் மனிதக் கண் குற்றமற்றது என்பது கருத்தன்று. அவ்வாறு வாதிடும் ஒரு கூட்டமும் உண்டு. பழைய அவதானிகளின் அனுபவம், கைராசி என்றெல்லாம் அவர்கள் உருகுவர். உண்மையில் அவதானியின் கண் தன் முன்னேயுள்ள அடையாளப் பொருள்களையே நம்பியிருக்கின்றது. கோபுரம் நான்கு கிலோமீற்றரிலும் மலை பன்னிரண்டிலும் இருப்பின், இடைப்பட்ட தூரம் ஊகமே. இருளில் விளக்குகளன்றி வேறு குறிகள் இல்லை. வெளிச்சமான அறையிலிருந்து வெளியே வந்தவரின் கண் இருளுக்குப் பழக நேரம் பிடிக்கும். குளிர்ந்த இரவிலே அத்தனை நேரம் காத்திருக்கும் பொறுமை எல்லார்க்கும் இல்லை. மணிக்கொரு தடவை பார்ப்பவருக்கு இடையில் வந்து சென்ற மூடுபனி தெரியவராது. நிமிடந்தோறும், யாரும் வாழாத இடத்திலும், நள்ளிரவிலும் அளந்துகொண்டிருக்கும் ஆற்றல் கருவிக்கே உரியது. இதனை மறுப்பவர் காலத்தோடு ஒட்டாதவர். எனவே பிணக்கு கண்ணுக்கும் கருவிக்கும் இடையிலானதன்று. கருவியின் வரம்பை அறிந்து பயன்கொள்வோருக்கும் அதனை அறியாது வணங்குவோருக்கும் இடையிலானது.

படிவுவீழ்ச்சியை உணரும் கருவிகளின் கதை இன்னும் சுவையானது. மழைத்துளியின் பருமனை அளக்கும் முயற்சி இலேசரோடு தொடங்கியதன்று. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்துக் கமக்காரரான வில்சன் பென்ற்லி, தட்டொன்றிலே மாவைப் பரப்பி மழையிற் சில கணங்கள் நீட்டி, துளிகள் மாவில் உருட்டிய உருண்டைகளை அளந்து, தம் முடிபுகளை 1904 இல் வெளியிட்டார். மாவும் தட்டும் கொண்டு செய்யப்பட்ட அவ்வாய்வு இன்றும் மதிப்புடன் எடுத்தாளப்படுகின்றது. விழும் துளிகளின் முடிவு வேகத்தை 1949 இல் கன், கின்சர் இருவரும் திருத்தமாக அளந்தனர். 1 மில்லிமீற்றர் விட்டமுடைய துளி செக்கனுக்கு ஏறத்தாழ 4 மீற்றர் வேகத்திலும், 5 மில்லிமீற்றர்த் துளி ஏறத்தாழ 9 மீற்றர் வேகத்திலும் விழுகின்றன. துளி மோதும் அதிர்ச்சியை மின்குறியாக மாற்றும் கருவியை யொஸ், வால்ட்ஃபோகல் இருவரும் 1967 இல் அறிமுகஞ்செய்தனர். ஒளித்தகட்டினூடு விழும் துளியின் பருமனையும் வேகத்தையும் ஒருங்கே கணிக்கும் கருவி பற்றி லொஃப்ளர்-மாங், யொஸ் ஆகியோர் எழுதிய கட்டுரை 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பார்சிவெல் என்ற பெயரில் இன்று பல நாடுகளிலும் காணப்படுவது அவ்வழிவந்த கருவியே.

அதன் இயக்கம் எளிமையானது. 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு இலேசர் ஒளி, 180 மில்லிமீற்றர் நீளமும் 30 மில்லிமீற்றர் அகலமும் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகடாக இரு தலைகளுக்கிடையே விரிக்கப்படுகின்றது. துளியொன்று அதனைக் கடக்கும்போது ஏற்பியை அடையும் ஒளி குறைய, வோல்ற்றளவு இறங்குகின்றது. எவ்வளவு இறங்கியது என்பதிலிருந்து பருமனும், எவ்வளவு நேரம் இறங்கியிருந்தது என்பதிலிருந்து வேகமும் கணிக்கப்படுகின்றன. 1 மில்லிமீற்றர்த் துளி அத்தகட்டைக் கடக்க அரை மில்லிச்செக்கன் அளவே எடுக்கும். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் மிதந்திறங்கும் 5 மில்லிமீற்றர்ப் பனித்திவலை 6 மில்லிச்செக்கன் எடுக்கும். பருமனிலே 32 வகுப்புகள், வேகத்திலே 32 வகுப்புகள் என வகுத்து ஒவ்வொரு துளியையும் உரிய கட்டத்தில் இடுவதன் மூலம், இது தூறல், இது மழை, இது ஆலங்கட்டி எனக் கருவி பெயரிடுகின்றது. மனித அறிவின் அழகிய படைப்பு இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் கருவி கண்டது என்ன? வோல்ற்றளவின் ஓர் இறக்கமும் அது நீடித்த நேரமுமே. துளி தகட்டின் நடுவே விழுந்ததா, விளிம்பில் அரைகுறையாக விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. விளிம்பில் விழுந்த பெருந்துளி சிறுதுளியாகவே எண்ணப்படும். இரு துளிகள் ஒருங்கே விழுந்தால் அவற்றை ஒரு பெருந்துளியாகக் கொள்ளும். பெருந்துளிகள் காற்றின் தடையால் அடிதட்டையாகின்றன என்பதனால், இந்த அகலமுள்ள துளிக்கு இந்த உயரம் இருக்கும் என்ற ஓர் எடுகோள் மென்பொருளில் எழுதப்பட்டுள்ளது. யாவற்றினும் முக்கியமானது, துளி செங்குத்தாக விழுகின்றது என்னும் எடுகோள். தமிழிலே 'சாரல்' என்று ஒரு சொல் உண்டு. காற்றினால் அள்ளுண்டு சாய்வாக வந்து திண்ணையை நனைக்கும் மழையை அது குறிக்கும். தமிழ்க் கிராமத்துச் சிறுவனும் அறிந்த இவ்வேறுபாட்டை ஒளித்தகடு அறியாது. பலத்த காற்றிற் சாய்ந்து வரும் துளி தகட்டை நீண்ட பாதையிற் கடப்பதால், அதன் பருமனும் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கட்டங்களிற் சென்று விழும். அவ்வேளை கொட்டும் மழை கருவியின் அகராதியிலே வேறு பெயர் பெறக்கூடும். சூறாவளியின்போதே மழையளவு மிகவும் வேண்டப்படுகின்றது. கருவியின் எடுகோள் உடைவதும் சூறாவளியின்போதே.

இங்கு ஒரு சிறு கணிதத்தை மறத்தலாகாது. துளியின் கனவளவு விட்டத்தின் மும்மடிக்கு விகிதசமமானது. விட்டத்தில் 10 வீத வழு நேர்ந்தால் நீரின் அளவில் 33 வீத வழு நேரும். மழையைச் சேர்த்துவைத்து அளக்கும் மானியில் இத்தகைய பெருக்கம் இல்லை. விழுந்த நீர் குவளையில் இருக்கின்றது, அதனை ஊற்றி அளக்கலாம். பிரித்தானிய மரபில் வந்த 5 அங்குலச் செப்பு மழைமானியின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 127 சதுர சென்ரிமீற்றர். மேற்கூறிய இலேசர்த் தகட்டின் பரப்பு 54 சதுர சென்ரிமீற்றர். பாதியினுங் குறைந்த வாயைக் கொண்டு, மும்மடங்கு பெருகும் வழுவோடு, மழையின் அளவைக் கூறுவதற்கு அது முயல்கின்றது. துளிகளின் பருமப் பரம்பலை அறிவதற்கு அதனை விஞ்சியது அரிது. மார்ஷல், பாமர் இருவரும் 1948 இல் வகுத்த துளிப் பரம்பல் விதியும், அதனையொட்டி ராடர் எதிரொலியை மழைச்செறிவாக மாற்றும் சூத்திரங்களும் இத்தகைய அளவீடுகளினாலேயே ஒவ்வொரு பிரதேசத்துக்கும் திருத்தப்படுகின்றன. அது அக்கருவிக்குரிய பணி. நாளொன்றின் மொத்த மழையைச் சொல் என்று கேட்பது கேட்பவரின் பிழை.

இது வெறும் தர்க்கமன்று என்பதற்குச் சான்று உண்டு. உலக வளிமண்டலவியல் நிறுவனம் இத்தாலியின் வின்யா டி வல்லே என்னுமிடத்தில் 2007 முதல் 2009 வரை மழைச்செறிவு மானிகளைத் திறந்த வெளியில் ஒப்பிட்டது. நிலத்துக் குழியில் அமைக்கப்பட்ட சேகரிப்பு மானிகள் நியமமாகக் கொள்ளப்பட்டன. ஒளியியல் துளிமானிகள் மழைச்செறிவை உள்ளதிலும் மிகைப்படுத்திக் காட்டும் போக்குடையனவாகக் காணப்பட்டன. அதனினும் சிந்தனைக்குரியது பிறிதொரு முடிபு: அத்துளிமானிகள் நியமத்தோடு ஒத்ததிலும் பார்க்கத் தம்முள் ஒன்றோடொன்று கூடுதலாக ஒத்திருந்தன. இரண்டு கருவிகள் ஒரே விடையைக் கூறுகின்றன, ஆகவே விடை சரி என்று வாதிடுவோர் இதனை ஆற அமர நோக்குதல் வேண்டும். ஒரே எடுகோளைப் பகிர்ந்துகொண்ட இரு சாட்சிகள் ஒரே பிழையைக் கூறுவதில் வியப்பென்ன?

அமெரிக்க அனுபவம் இன்னும் பழையது. தன்னியக்க மேற்பரப்பு அவதானத் தொகுதி 1990 களில் நாடெங்கும் நிறுவப்பட்டது. படிவுவீழ்ச்சியை இனங்காண்பதற்கு அதில் அமைந்த உணரி, 22 அங்குல இடைவெளியில் 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள செந்நிறக்கீழ்க் கற்றையொன்றை அனுப்பி, 1 மில்லிமீற்றர்க் கிடைப்பிளவினூடு ஏற்கின்றது. விழும் பொருளின் நிழல் ஒளியை மினுங்கச்செய்யும். மழை விரைந்து விழுவதால் மினுக்கத்தின் மீடிறன் 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையிலும், பனி மெல்ல இறங்குவதால் 75 முதல் 250 ஹேர்ட்ஸ் வரையிலும் வலுப்பெறும். நேர்த்தியான உபாயம். ஆயினும் நுண்ணிய தூறற் துளி நிழலென்று சொல்லத்தக்க நிழலை வீழ்த்துவதில்லை. ஆகவே தூறல் அக்கருவிக்குப் பெரும்பாலும் புலப்படாத ஒன்றாயிற்று. மழையா பனியா என்று துணிய முடியாதவிடத்து 'இன்னதென அறியப்படாத படிவுவீழ்ச்சி' என அது அறிக்கையிடும். இவ்வொரு நேர்மைக்காக அதனைப் பாராட்டலாம். அவ்வாறு கூறும் துணிவு பல மனிதர்க்கும் இல்லை. அமெரிக்கக் காங்கிரசின் பொதுக் கணக்காய்வு அலுவலகம் 1995 இல் வெளியிட்ட அறிக்கை, அத்தொகுதியின் எட்டு உணரிகளுள் ஆறு, குறிக்கப்பட்ட எல்லா வானிலைகளிலும் ஒப்பந்தத்தில் வேண்டப்பட்ட திருத்தத்தையோ செயற்றிறனையோ எட்டவில்லை எனக் கண்டது. பின்னர்த் திருத்தங்கள் செய்யப்பட்டன. முக்கிய விமானநிலையங்களிற் கருவியின் அறிக்கைக்கு மனித அவதானி துணைசேர்க்கும் ஏற்பாடும் வைத்துக்கொள்ளப்பட்டது. செல்வம் மிக்க நாடொன்று, தானே கேட்டுச் செய்வித்த கருவியைத் தானே பரிசோதித்து, குறைகண்டு, கண்ணையும் உடன் வைத்துக்கொண்டது. விலைப்பட்டியலைப் பார்த்துக் கருவி வாங்கும் வறிய நாடுகளுக்கு அப்பரிசோதனையைச் செய்து கொடுப்பவர் யார்?

கண் காண்பதும் கருவி காண்பதும் ஒரே பொருளல்ல என்பதற்குச் சர்வதேசக் குறியீட்டு அட்டவணைகளே ஒப்புதல் வாக்குமூலம். மனிதர் பணிபுரியும் நிலையத்துக்கு 4677 ஆம் அட்டவணை. தன்னியக்க நிலையத்துக்கு 4680 ஆம் அட்டவணை. முன்னையதில் 00 முதல் 99 வரை நூறு நிலைமைகள் உள. கண்ணுக்கெட்டிய தூரத்தில் மழை இறங்குகின்றது, ஆனால் நிலத்தை எட்டவில்லை என்பதற்கு 14. ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் மழை நிலத்தை எட்டுகின்றது என்பதற்கு 15. மின்னல் தெரிகின்றது, இடி கேட்கவில்லை என்பதற்கு 13. நிலையத்தில் இல்லாத மூடுபனி தூரத்தே தெரிகின்றது என்பதற்கு 40. இருபத்திரண்டு அங்குல இடைவெளிக்குள் அடைபட்ட பார்வைக்கு இவற்றுள் ஒன்றேனும் அகப்படுமா? தன் மேல் விழாத மழை அதற்கு மழையன்று. வரப்போகும் மழையை முன்கூட்டியே காட்டுவது தூரத்தே தெரியும் மழையே என்பதால் இவ்விழப்பு சிறிதன்று.

மலைநாட்டை நினைத்தால் இவ்வினாவின் பாரம் விளங்கும். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளை மூடியதை இந்நாட்டு வாசகருக்கு நினைவூட்டவேண்டியதில்லை. மண்சரிவு எச்சரிக்கை மழையளவின் மேலேயே தங்கியுள்ளது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்துக்கு 75 மில்லிமீற்றரை அவதானத்துக்கும், 100 ஐ உயர் எச்சரிக்கைக்கும், 150 ஐ வெளியேற்றத்துக்கும் உரிய எல்லைகளாகக் கொள்கின்றது. இவ்வெல்லைகள் நீரைச் சேர்த்தளக்கும் மானிகளின் பதிவுகளோடு இணைந்தவை. இவ்விடத்து மேற்கூறிய மும்மடிக் கணக்கை மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். துளியின் விட்டத்தைப் பத்து வீதம் கூட்டிக் கணிக்கும் துளிமானி, மெய்யாகவே 75 மில்லிமீற்றர் பெய்த இரவில் 100 என்று கூறும். அவ்வாறே குறைத்துக் கணிக்கும் கருவி, 100 பெய்த இரவில் 73 என்று கூறி, எந்த எல்லையும் கடக்கப்படவில்லை எனச் சாதிக்கும். முதற் பிழை சில தடவை நேர்ந்தால் மக்கள் எச்சரிக்கையை நம்பாதொழிவர். இரண்டாம் பிழை ஒரு தடவை நேர்ந்தாற் போதும்.

கருவியை ஆதரிப்போர் இதற்குச் சொல்லும் விடை, மென்பொருளைத் திருத்தினால் யாவும் சீராகும் என்பது. திருத்தலாம், யார் திருத்துவது? துளியின் வடிவ எடுகோளும், விளிம்புத் துளிகளின் நீக்கமும், தூறலையும் மழையையும் பிரிக்கும் கோடும் உற்பத்தியாளரின் மென்பொருளுள் முத்திரையிடப்பட்டிருக்கும்போது, வாங்கியவர் கையில் இருப்பது இறுதி எண் மாத்திரமே. புதிய பதிப்பு நிறுவப்பட்ட மறுநாள் நிலையத்தின் காலநிலையே மாறிவிட்டதுபோல் ஏடு காட்டக்கூடும். முப்பது ஆண்டு கழித்து அவ்வேட்டைப் புரட்டும் ஆய்வாளர், தூறல் நாட்கள் குறைந்துவிட்டன என்று கண்டு, அதற்குக் காடழிப்பையோ கடல் வெப்பத்தையோ காரணங்கூறி ஆய்வுரை எழுதுவார். குறைந்தது தூறலன்று, தூறலைக் கண்டுகொண்டிருந்த கண் என்பதை அவருக்கு எடுத்துரைக்க எவரும் இரார்.

செலவு என்ற வாதம் எஞ்சியிருக்கின்றது. அவதானிக்கு மாதந்தோறும் வேதனம் வேண்டும், கருவிக்கு வேண்டாம் என்பர். கருவிக்கு வில்லை துடைப்பவர் வேண்டும். அளவுதிருத்தத்துக்குரிய சிதறற்தட்டு வேண்டும். மின்னல் தாக்கினால் உதிரிப்பாகம் வேண்டும். அது வெளிநாட்டு நாணயத்தில் வரவேண்டும். அவதானியின் வேதனம் உள்நாட்டிலே செலவாகின்றது என்ற சாதாரண உண்மையைக் கூடக் கணக்கிற் சேர்க்காது தயாரிக்கப்படும் ஒப்பீடுகள் பொருளியல் மாணவரால் ஏற்கத்தக்கனவல்ல.

கேட்கப்படுவது பெரிதொன்றன்று. கருவி நிறுவப்படும் நிலையத்தில், பருவக்காற்றுகள் இரண்டும் பல தடவை வந்துபோகும் காலம்வரை, கண்ணின் ஏடும் கருவியின் ஏடும் அருகருகே எழுதப்படுதல் வேண்டும். கருவியின் இறுதி எண் மட்டுமன்றி, பருமமும் வேகமும் கொண்ட அந்த 32 க்கு 32 கட்டங்களின் மூலத்தரவும் சேமிக்கப்படுதல் வேண்டும். நாளை எடுகோள் மாறினால் மீளக் கணிப்பதற்கு அதுவே வழி. எடுகோள்களை வெளியிட மறுக்கும் உற்பத்தியாளரிடம் பொதுப்பணத்திற் கொள்வனவு செய்தலாகாது. பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் ஓர் இலேசரும் ஓர் ஒளியுணரியும் ஒரு நீர்ச்சொட்டுக் குழாயும் இல்லாமலில்லை; துளிமானியொன்றின் மாதிரியை மாணவரே அமைத்து, பென்ற்லியின் மாத்தட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செப்பு மழைமானியும் குறையுடையதே. காற்று அதன் வாயைக் கடந்து துளிகளை அடித்துச் செல்லும்; வெயிலிற் சிறிது ஆவியாகும்; அளவுக் குவளையைச் சாய்த்துப் பிடிப்பவரும் உளர். ஆனால் காலை 8.30 மணிக்கு அவதானி தவறாக வாசித்தார் என்று ஐயுறும் எவரும், நீர் கொட்டப்படுமுன் அதே குவளையைத் தாமே வாசித்துப் பார்க்கலாம். முத்திரையிட்ட பெட்டியின் வாசிப்பை ஐயுறுபவர் எங்கே சென்று எதனை வாசிப்பது?